மாத்திரையா, காப்பர்-டியா, ஊசியா: உங்களுக்கு எது ஒத்துவரும்?

கருத்தடைக்கு எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். அடுத்த குழந்தை எப்போது வேண்டும், அல்லது வேண்டவே வேண்டாமா? தினமும் ஒரே நேரத்தில் ஒரு வேலையை மறக்காமல் செய்ய உங்களால் முடியுமா? இரண்டாவது கேள்வியைப் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். பாதித் தீர்மானம் அதில்தான் அடங்கியிருக்கிறது.

கருத்தடை மாத்திரையையே பாருங்கள். ஒருநாளும் தவறாமல் சாப்பிட்டால் ஓராண்டில் 1,000 பெண்களில் 3 பேர்தான் கருவுறுவார்கள். நடைமுறையில் 100 பேரில் 7 பேர் கருவுறுகிறார்கள். மருந்தில் குறையில்லை, மறதிதான் காரணம். நானும் மாத்திரை சாப்பிட்டவள்தான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு அட்டையைக் கையில் எடுத்தால், வியாழன் என்று அச்சிட்ட குமிழுக்குள் மாத்திரை அப்படியே உட்கார்ந்திருந்தது. வயிற்றைப் பிசைந்தது. ஒன்று தவறினால் நினைவு வந்ததும் விழுங்கிவிட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் எடுத்துக்கொண்டால் போதும். இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போனால் 7 நாட்களுக்கு ஆணுறையும் தேவை. இதையெல்லாம் அப்போது எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மாத்திரையின் நன்மைகளையும் குறைத்துச் சொல்லக்கூடாது. மாதவிடாய் ஒழுங்காகும், வலியும் உதிரப்போக்கும் குறையும், நிறுத்தினால் விரைவிலேயே கருத்தரிக்கலாம். ஆனால் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை எல்லோருக்கும் ஆகாது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், ரத்தம் உறைந்து கட்டிய அனுபவம் உள்ளவர்கள், கண்ணில் ஒளி மின்னி ஒற்றைத் தலைவலி வருபவர்கள், 35 வயதைத் தாண்டியும் புகைப்பவர்கள், பிரசவமாகி ஆறு வாரம் ஆகாத தாய்மார்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

மறதிக்காரர்களுக்கு என் ஓட்டு காப்பர்-டிக்குத்தான். கருப்பைக்குள் ஒருமுறை பொருத்தினால் வகையைப் பொறுத்து 10 ஆண்டுகள்வரை வேலை செய்யும். ஓராண்டில் கருவுறுபவர்கள் 100-க்கு ஒருவருக்கும் குறைவு. ஹார்மோன் கிடையாது, செம்புதான் விந்தணுக்களைச் செயலிழக்க வைக்கிறது. எடுத்துவிட்டால் உடனே கருத்தரிக்கலாம். குழந்தை பெறாதவர்களும் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் முதல் சில மாதங்கள் உதிரப்போக்கும் வலியும் கூடும். ஏற்கெனவே ரத்தசோகையில் தவிப்பவர் ஹார்மோன் வெளியிடும் கருப்பைச் சாதனத்தைக் கேட்டுப்பார்க்கலாம். அதில் போக்கு குறையும், சிலருக்கு மாதவிடாய் நின்றேபோகும். பொருத்தும்போது வலிக்கும் என்பது உண்மை. அதைப் பொறுத்துக்கொண்டாக வேண்டும் என்பதில்லை, வலி குறைக்க என்ன செய்வீர்கள் என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியின் பலம் அந்தரங்கம். வீட்டில் அட்டை இல்லை, அடையாளம் இல்லை. ஆனால் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது, மாதவிடாய் தாறுமாறாகும், கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்க 10 மாதங்கள்கூட ஆகலாம். அடுத்த ஆண்டே குழந்தை வேண்டும் என்பவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். கைத்தோலுக்கு அடியில் வைக்கும் குச்சி மூன்று ஆண்டுகளாவது தாங்கும். தோல்வி மிக அரிது. எப்போது வரும் என்று தெரியாத உதிரக்கசிவுதான் பலருக்கு அதில் சங்கடம்.

ஆணுறை நடைமுறையில் 100-க்கு 13 பேரைக் கைவிடுகிறது. ஆனாலும் ஹெச்ஐவி உள்ளிட்ட பால்வினை நோய்களைத் தடுக்கும் வேலையை மேலே சொன்ன எதுவும் செய்யாது. துணையைப் பற்றி உறுதியாகத் தெரியாதபோது, காப்பர்-டி இருந்தாலும் ஆணுறையும் இருக்கட்டும். எண்ணெய், வாசலின் தடவினால் ரப்பர் உறை கிழிந்துவிடும்.

இனிக் குழந்தையே வேண்டாம் என்று இருவரும் முடிவெடுத்த பிறகும் ஆபரேஷனுக்குப் பெண்ணையே அனுப்புவது எனக்கு ஆறாத வருத்தம். பெண்ணுக்கு வயிற்றுக்குள் செய்ய வேண்டிய சிகிச்சை அது. ஆணுக்கோ அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து சில நிமிடங்களில் முடிந்துவிடும், அன்றே வீடு திரும்பலாம். ஆண்மை குறையாது, ஹார்மோன் வழக்கம்போலச் சுரக்கும். சுமார் மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று உறுதியாகும்வரை மட்டும் வேறு பாதுகாப்பு வேண்டும்.

மருத்துவரிடம் போகும்முன் கடைசி மாதவிடாய்த் தேதியையும் இப்போது சாப்பிடும் மருந்துகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான சில மருந்துகளும் கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைத்துவிடும்.