பழைய லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் இன்றைக்கே ரேமைச் சரிபாருங்கள்

மும்பையில் செம்பூர், சயான், மாட்டுங்கா பக்கம் இருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். "வீட்டுக்கே வந்து எடுத்துக்கிட்டுப் போறேன், எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் 11 ஏத்திக் கொண்டுவந்து தரேன்" (எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) என்று சொல்பவர்களிடம் பழைய லேப்டாப்பைக் கொடுத்து வாங்கியிருந்தால், உடனே ஒரு வேலை செய்யுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ், அதற்குள் மெமரி. மேலே மொத்தம் எத்தனை ஜிபி என்று இருக்கும். கீழே எத்தனை ஸ்லாட்டில், அதாவது செருகும் இடத்தில், ரேம் என்கிற அந்த மெமரி இருக்கிறது என்று இருக்கும். நீங்கள் கொடுத்தபோது இருந்ததும் இதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள். என் அத்தையின் லேப்டாப்பில் பாதி காணோம்.

அத்தை செம்பூரில் இருக்கிறார். ரிட்டயர் ஆன பிறகு, வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார். அதற்கு அவருக்கு இருப்பது 2016ல் வாங்கிய ஒரு லேப்டாப். இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5 ப்ராசசர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். நல்ல மெஷின். ஹார்ட் டிஸ்க் மட்டும்தான் அதற்குப் பாரம். ஆன் பண்ணினால் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கும். எஸ்எஸ்டி மாற்றினால் இன்னும் பல வருஷம் ஓடும் என்று நானும் சொல்லியிருந்தேன்.

நான் ஊரில் இல்லாத நேரத்தில் அத்தையின் அபார்ட்மென்ட் வாட்ஸாப் குரூப்பில் ஒருவர் பெயர் வந்திருக்கிறது. தமிழ் பேசுகிறவர், வீட்டுக்கே வருவார், எல்லாருக்கும் செய்திருக்கிறார் என்று. வந்தவர் "அம்மா, அம்மா" என்று மரியாதையாகப் பேசியிருக்கிறார். விண்டோஸ் 10 நின்றுவிட்டது, இனி இந்த லேப்டாப்பில் பேங்க் வேலை எதுவும் செய்ய முடியாது, 11 போட்டே ஆகவேண்டும் என்று பயமுறுத்தியிருக்கிறார். வாட்ஸாப்பில் கணக்கும் அனுப்பினார்: புது 256 ஜிபி எஸ்எஸ்டி 3,200, ஒரிஜினல் விண்டோஸ் 11 போட 1,500, டேட்டா மாற்ற 800, சர்வீஸ் 1,200. ஆக மொத்தம் 6,700 ரூபாய். அத்தை யுபிஐயில் அனுப்பிவிட்டார். பில் கிடையாது.

திரும்பி வந்த லேப்டாப் பட்டென்று ஆன் ஆனது. அத்தைக்கு ஒரே சந்தோஷம். கிளாஸ் ஆரம்பித்த பிறகுதான் தொல்லை. ஜூம் ஓடும்போது பாடப் பக்கத்தையும் திறந்தால் படம் உறைந்துவிடுகிறது, குரல் விட்டுவிட்டு வருகிறது. "சீக்கிரம் எழுந்துக்குது, ஆனா நடுவுல நடுவுல மூச்சு வாங்குது கண்ணு" என்று என்னிடம் சொன்னார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், மோசடி முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே வேகம் பலமடங்கு கூடிவிடும். அந்த வேகத்தில், உள்ளே ரேம் பாதியாகிவிட்டதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ரேம் போதாதபோது விண்டோஸ் மிச்சத்தை எஸ்எஸ்டியில் எழுதி எழுதி எடுத்துச் சமாளிக்கும். ஈமெயில் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. நாலைந்து வேலையை ஒன்றாகத் திறந்தால்தான் தெரியும். அதுவும் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கிடக்கிறது. தயாரிக்கும் கம்பெனிகள் ஏஐ சர்வர்களுக்கான மெமரி பக்கம் திரும்பிவிட்டன. பழைய டிடிஆர்4 வகை ரேமுக்கும் இப்போது கையில் காசு.

அத்தை எந்த பில்லையும் தூக்கிப் போடாதவர். 2016 பில்லை ஃபைலிலிருந்து எடுத்துக் கொடுத்தார். 8 ஜிபி என்று தெளிவாக இருந்தது. டாஸ்க் மேனேஜர் 4 ஜிபி, இரண்டில் ஒரு ஸ்லாட் என்று காட்டியது. பின்மூடியைக் கழற்றினேன். இரண்டு ஸ்க்ரூ இல்லை. உள்ளே போர்டு முழுக்க வருஷக்கணக்கான தூசி. காலி ஸ்லாட்டுக்கு முன்னால் மட்டும் ஒரு ரேம் அளவுக்கு நீள்சதுரமாகப் பச்சை போர்டு பளிச்சென்று இருந்தது. அத்தனை வருஷம் அங்கே ஒரு ரேம் படுத்திருந்த தடம் அது. அதைத் துடைத்து மறைக்கக்கூட அந்த ஆளுக்குத் தோன்றவில்லை. யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம்.

எஸ்எஸ்டியையும் பார்த்தேன். ஸ்டிக்கர் கோணலாக ஒட்டியிருந்தது, ஓரத்தில் அடியிலிருந்து வேறு நிறத்தில் இன்னொரு ஸ்டிக்கர் எட்டிப் பார்த்தது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எத்தனை முறை ஆன் ஆகியிருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். "புது" எஸ்எஸ்டி 14,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. ஒன்றரை வருஷத்துக்கு மேல் இரவு பகலாக ஓடிய கணக்கு. ஆன் ஆன எண்ணிக்கையோ நூறைக்கூடத் தொடவில்லை. எங்கோ அணைக்காமல் ஓடிய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியது. இன்னொன்றும் சொல்லவேண்டும்: இந்த எண்களை அழித்து பூஜ்யமாக்கி விற்கிறவர்களும் உண்டு. அதனால் எண் சரியாக இருந்தாலும், எஸ்எஸ்டியின் சீரியல் நம்பரை அந்தத் தயாரிப்பாளரின் வெப்சைட்டில் போட்டு வாரன்டி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எனக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது விண்டோஸ்தான். அத்தையின் லேப்டாப் விண்டோஸ் 10 ஹோமுடன் வந்தது. அந்தக் காலத்து லேப்டாப்களில் லைசென்ஸ் கீ, போர்டில் இருக்கும் பயாஸ் சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். அதே ஹோம் பதிப்பைத் திரும்பப் போட்டால் இன்டர்நெட்டில் சேர்ந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும், ஒரு பைசா செலவில்லை. இந்த ஆள் ப்ரோ பதிப்பைப் போட்டிருக்கிறார், அதற்கு அந்தக் கீ செல்லாது, ஆகவே கிராக், அதாவது லைசென்ஸ் இல்லாமலே விண்டோஸை ஏமாற்றும் திருட்டு சாஃப்ட்வேர், போட்டு ஆக்டிவேட் பண்ணியிருக்கிறார். அந்தக் கிராக்கை ஆன்டிவைரஸ் பிடித்துவிடக்கூடாது என்பதற்காக விண்டோஸ் செக்யூரிட்டியில் சி டிரைவ் முழுவதையும் ஸ்கேன் செய்யாதே என்று விலக்கு கொடுத்து வைத்திருக்கிறார். அதாவது எந்த வைரஸ் உள்ளே வந்தாலும் கேட்க நாதி கிடையாது. இதில்தான் அத்தை பென்ஷன் அக்கவுன்ட்டைத் திறந்து பார்க்கிறார். விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். உங்கள் மெஷினில் அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக்கூடாது.

விண்டோஸ் 10 பற்றிச் சொன்ன பயமும் பாதிப் பொய். மைக்ரோசாஃப்ட் அதற்கு ஆதரவை 2025 அக்டோபர் 14ல் நிறுத்தியது உண்மை. ஆனால் லேப்டாப் நின்றுவிடாது; பாதுகாப்பு அப்டேட்தான் நிற்கும். அதையும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துத் தரும் திட்டம் வீட்டு உபயோகத்துக்கு இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் செட்டிங்ஸைச் சேமித்தால் இலவசமாகவே சேரலாம். விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை ப்ராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் கணக்கு. ஆறாம் தலைமுறையில் அதைக் குறுக்குவழியில் ஏற்றலாம், ஓடவும் ஓடும், ஆனால் அப்டேட் வரும் என்று அவர்கள் உத்தரவாதம் தருவதில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, வேண்டுமா என்று கேட்டுப் போட்டால் அது நேர்மையான சர்வீஸ். "ஒரிஜினல்" என்று சொல்லி 1,500 வாங்கியது திருட்டு.

போன் பண்ணினேன். முதலில் "சார், அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சேன்" என்றார். அத்தை பக்கத்திலேயே இருந்தார், அப்படி ஒரு பேச்சே வரவில்லை. பிறகு "ஒரு ஸ்லாட் டெட் சார், அதான் ரேமை எடுத்துட்டேன்." எடுத்த ரேம் எங்கே என்றால் பதில் இல்லை. ஹார்ட் டிஸ்க் எங்கே? "அது போயிடுச்சு, ஸ்கிராப்ல போட்டுட்டேன்." கடைசியாக, "பழைய மெஷின் சார், இதுக்கு மேல என்ன எதிர்பார்க்கிறீங்க?"

இந்த வாக்கியத்தை எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்! எங்கள் பக்கத்து டைப்பிங் கடைக்காரருக்கும் இதையேதான் ஒருவர் சொன்னார். அவர் டெஸ்க்டாப் ஒவ்வொரு முறை ஆன் பண்ணும்போதும் தேதி பழையதாகிவிடும், எஃப்1 அழுத்தச் சொல்லும். மதர்போர்டு போய்விட்டது, பழைய மெஷின், புதுசு வாங்குங்கள் என்று ஆயிரக்கணக்கில் கணக்கு சொன்னார்கள். தேதியை நினைவில் வைத்திருப்பது போர்டில் இருக்கும் 2032 என்ற 3 வோல்ட் பட்டன் செல். அதை மாற்றியதும் சரியாகிவிட்டது. பழைய கம்ப்யூட்டரை வைத்துக் காலம் தள்ளுகிறவர்கள் பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர்கள், படிக்கிற பிள்ளைகள், சின்னக் கடைக்காரர்கள். புதிது வாங்கப் பணம் இல்லாமலோ, நன்றாக ஓடுவதை எறிய மனம் இல்லாமலோ வைத்திருப்பவர்கள். அவர்களிடம்தான் இந்தப் பேச்சு எடுபடுகிறது என்பது எனக்கு ஆறவே ஆறாத கோபம்.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் மட்டும் நான் விடவில்லை. அதில் அத்தையின் ஆதார், பான், பாஸ்புக் ஸ்கேன், மாமா உயிரோடு இருந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் இருக்கின்றன. ஃபைலை அழித்தாலும், க்விக் ஃபார்மேட் பண்ணினாலும்கூட, திரும்ப எடுக்க சாஃப்ட்வேர் உண்டு. அவர் அனுப்பிய கணக்கு, யுபிஐ ரசீது, காலி ஸ்லாட்டின் படம் எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் அவருக்கே அனுப்பி, ஹார்ட் டிஸ்க் வராவிட்டால் நேராகப் போலீஸ் ஸ்டேஷன் என்று எழுதினேன். அன்று சாயங்காலமே ஒரு பையன் கையில் ஹார்ட் டிஸ்கும், அதோடு 4 ஜிபி ரேமும் வந்தன. "ஸ்கிராப்" ஆன டிஸ்கைச் சோதித்தால் ஒரு கெட்ட செக்டார்கூட, அதாவது பழுதான இடம்கூட, இல்லை.

மறுபடி யாரையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோடு போனேன். கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி கிழக்குப் பக்கம் நடந்தால் வந்துவிடும். அங்கேயும் ஏமாற்றுகிறவர்கள் இருக்கலாம், ஆனால் கவுன்ட்டரிலேயே, நம் கண் முன்னாலேயே திறந்து செய்யும் கடைகள் உண்டு. அப்படி ஒரு கடையில், "டெட்" என்று சொன்ன ஸ்லாட்டில் ரேமைச் செருகினார்கள். 8 ஜிபி வந்துவிட்டது. சீரியல் நம்பர் எழுதிய பில்லோடு புது எஸ்எஸ்டி வாங்கினேன். விண்டோஸ் 10 ஹோமை நானே போட்டேன், தானாக ஆக்டிவேட் ஆனது, நீட்டிப்புத் திட்டத்திலும் சேர்த்துவிட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு யுஎஸ்பி கேஸுக்குள் போய் அத்தையின் பேக்கப் ஆகிவிட்டது. அந்தத் திட்டம் முடிந்த பிறகு லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடலாம் என்று இருக்கிறேன். ஜூம் அதிலும் ஓடும், தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும்.

யாரிடமாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால், கொடுப்பதற்கு முன் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தையும், முடிந்தால் மூடியைத் திறந்து ரேம், டிஸ்க் இரண்டின் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துவிடுங்கள். ஸ்க்ரீன், கீபோர்டு, ஃபேன் மாதிரி வேலைக்கு டிஸ்க் தேவையே இல்லை, கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுக்கலாம். மாற்றுகிற ஒவ்வொரு பழைய பாகமும் திரும்ப வேண்டும் என்று வாட்ஸாப்பில் எழுதியே கேளுங்கள், வாய்ப்பேச்சு நிற்காது. பணம், மெஷினைத் திறந்து பார்த்த பிறகு.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், பில் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அப்படியே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதில் தீரவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை.

எஸ்எஸ்டிக்கும் விண்டோஸுக்கும் வாங்கிய 4,700 ரூபாய் இன்னும் வரவில்லை. 1915ல் அத்தை பெயரில் புகார் பதிவாகியிருக்கிறது. அந்த வாட்ஸாப் குரூப்பில் நடந்ததை அத்தையே குரல் பதிவாகப் போட்டார். அதைக் கேட்டு இன்னும் இரண்டு வீட்டில் லேப்டாப்பைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றில் ரேம் குறைகிறது. அவர்களும் சேர்ந்து புகார் கொடுக்கிறார்கள். அந்த ரிப்பேர் ஆளிடம் செம்பூரில் வேறு யாராவது லேப்டாப் கொடுத்திருந்தால் தனியாக மெசேஜ் பண்ணுங்கள், போன் நம்பரை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.