மணற்கல் ஆய்வுக்கு கான்கிரீட் சல்லடை செட் போதுமா?

பெங்களூரு ஆய்வகக் கருவிக் கடைகளில் மணல் சல்லடை செட் கேட்டால், பெரும்பாலும் கட்டுமானச் சோதனைக்கான 200 மி.மீ. விட்டமுள்ள செட்டைத்தான் எடுத்து வைப்பார்கள்: 4.75, 2.36, 1.18 மி.மீ., அப்புறம் 600, 300, 150, 75 மைக்ரான், மூடி, பான் (அடித்தட்டு). எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) சோதிக்க நல்ல செட். மணற்கல் படிந்த இடம் ஆறா, கடற்கரையா, மணற்குன்றா என்று பார்க்க வந்த புவியியல் மாணவர்கள் இதை வாங்க வேண்டாம்.

மணலுக்கும் வண்டலுக்கும் எல்லை 63 மைக்ரான், அதாவது 4 ஃபை (ஃபை என்பது மணியளவின் மடக்கை அளவுகோல்; ஒரு ஃபை கூடினால் அளவு பாதியாகும்). இந்த செட் 75-லேயே நின்றுவிடுவதால் மிக நுண்மணலில் ஒரு பங்கு வண்டலோடு பானில் விழுகிறது. அதைவிடப் பெரிய குறை, சல்லடைக்குச் சல்லடை ஒரு முழு ஃபை இடைவெளி. நன்கு தரம்பிரிந்த, அதாவது மணிகள் ஏறக்குறைய ஒரே அளவாக உள்ள மணலின் திட்டவிலக்கமே 0.35 முதல் 0.50 ஃபைதான். அது இரண்டு மூன்று சல்லடையில் மொத்தமாகத் தங்கிவிடும். புவியியலாளர்கள் ஃபோக், வார்டு 1957-ல் தந்த மணியளவுச் சூத்திரத்துக்கு வேண்டிய 5, 16, 84, 95 சதமானங்களை ஊகித்துத்தான் போட வேண்டும். கோட்டத்தின் (பரவல் எந்தப் பக்கம் சாய்கிறது என்ற அளவின்) குறியே மாறிப்போகலாம். கடற்கரை மணலில் அது பெரும்பாலும் எதிர்மறை, குன்று மணலில் நேர்மறை. குறி தவறினால் முடிவும் தவறும்.

1 மி.மீ., 710, 500, 355, 250, 180, 125, 90, 63 மைக்ரான் என்று அரை ஃபை இடைவெளியில் தனித்தனியாக ஆர்டர் கொடுங்கள். எல்லாம் சல்லடைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 460 அளவுகளே. பணம் குறைவென்றால் 1 மி.மீ. சல்லடையை விடலாம், 63-ஐ விடக்கூடாது.

கடலூர் மணற்கல் போல உதிரும் கல்லை ரப்பர் முனை உலக்கையால் பிரியுங்கள். இரும்பு உலக்கை மணிகளையே உடைத்துப் பொய்யான நுண்மணல் தரும். மணிகளை ஒட்டவைத்திருக்கும் கால்சைட் பிணைப்பைக் கரைக்க 10% ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும், சிப்பித் துணுக்குகள் இருந்தால் அது கூடாது, அவையும் படிந்த மணிகள்தானே. களியை 63-ல் நீர்விட்டுக் கழுவி, உலர்த்தி, 50 முதல் 100 கிராம் எடுத்து 15 நிமிடம் குலுக்குங்கள். கூட்டு எடை ஒரு சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மறுபடி செய்யுங்கள். பாதாமி மணற்கல் போல இறுகிய கல்லுக்குச் சல்லடையே வேண்டாம். மென்சீவலில் (நுண்ணோக்கியில் பார்க்க மெல்லியதாக அறுத்த கல்துண்டில்) 300 மணிகளின் நீள அச்சை அளந்து, ஃபிரீட்மன் 1958-ல் தந்த சமன்பாட்டால் சல்லடை அளவாக மாற்றிக்கொள்ளலாம்.

எந்த மாதிரியைப் போட்டாலும் மணியளவு வரைபடம் ஒரே சல்லடையில் வளைகிறதென்றால் அது ஆற்றின் கதையல்ல, வலையின் பழுது. அந்த வலையை நுண்ணோக்கியில் பாருங்கள். அடைபட்ட மணியை ஊசியால் குத்தாமல், கவிழ்த்து மென்தூரிகையால் தட்டி எடுங்கள். 63 மைக்ரான் வலை ஒரே கீறலில் போய்விடும்.