தென்னந்தோப்பில் லோரா மோடம்: மூன்று பருவமழை கண்ட பிறகு

பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் எங்கள் தோப்புக்கு ஆற்றோரக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர். கிணற்றுக்கும் தொட்டிக்கும் நடுவே 1.2 கிலோமீட்டர், வழியெல்லாம் தென்னை. கிணற்றடியில் கைபேசிக்குச் சிக்னல் நிற்பதில்லை. தொட்டியின் நீர்மட்டத்தைக் கிணற்றடி ஸ்டார்ட்டருக்குத் தெரிவிக்க, எஸ்எக்ஸ் 1276 சில்லு உள்ள இரண்டு லோரா மோடம்களை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். லோரா என்பது குறைந்த மின்சாரத்தில் சிறு செய்திகளை வெகுதூரம் அனுப்பும் ரேடியோ முறை.

வாங்கும்போதே அலைவரிசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைகளில் 915 மெகாஹெர்ட்ஸுக்கென்று செய்தவையும் கிடைக்கின்றன. இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 865 முதல் 867 வரை அமைப்பது பாதுகாப்பு. அனுப்பும் திறனுக்கு 1 வாட் உச்சவரம்பு. நான் 866-இல், 100 மில்லிவாட்டில் ஓட்டுகிறேன். அது தாராளமாகப் போதும்.

முதல் கோடையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஆனி மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. வெயில் நாளில் மைனஸ் 117 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு; மைனஸுக்குப் பின் எண் கூடினால் சிக்னல் பலவீனம்) காட்டிய சிக்னல், ஓலைகள் நனைந்ததும் இன்னும் 7, 8 டெசிபல் இறங்கியது. நான் வைத்திருந்த ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் 7. செய்தியை எவ்வளவு நீட்டி மெதுவாக அனுப்புவது என்ற அமைப்பு அது; எண் ஏறினால் பலவீனமான சிக்னலும் கேட்கும். அதில் மைனஸ் 123 வரைதான் இந்தச் சில்லுக்குக் காது கேட்கும். மழைக்கென்று நான் இடமே விட்டுவைக்கவில்லை.

உடனே 12-க்கு ஏற்றினேன். எட்டியது, ஆனால் ஒவ்வொரு செய்தியும் ஒரு நொடிக்கு மேல் காற்றில் கிடந்தது. ஒரு படி ஏற்றினால் அந்த நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பதில் வருவதற்குள் மறுமுனை மீண்டும் அனுப்ப, இரண்டும் மோதிக்கொண்டன.

தீர்வு கம்பத்தில் இருந்தது. இந்தத் தூரத்துக்கு நடுவழியில் அலை விரியும் வட்டத்தின் ஆரம் சுமார் 10 மீட்டர். 2 மீட்டர் உயரத்தில் ஆன்டெனாவை வைத்தால் அதில் பாதியைத் தரையே விழுங்கிவிடும். கிணற்றுப் பக்கக் கம்பத்தை மரங்களுக்குள்ளிருந்து எடுத்து, இட்டேரி ஓரத்துத் திறந்த சந்தில் 9 மீட்டருக்கு நட்டேன். சிக்னல் மைனஸ் 104-க்கு வந்தது. இப்போது ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் 9-இல், அடைமழையிலும் கைவசம் 15 டெசிபலுக்கு மேல் இருக்கிறது. மோடத்தையும் மழை புகாத பெட்டியில் வைத்துக் கம்பத்தின் மேலேயே ஏற்றிவிட்டேன். மெல்லிய ஆர்ஜி 58 கேபிள் இந்த அலைவரிசையில் மீட்டருக்கு அரை டெசிபலாவது தின்னும். கம்பத்தின் உயரத்தால் கிடைத்ததைக் கேபிளில் தொலைக்க எனக்கு மனமில்லை.

எனக்கு உண்மையில் பயம் தந்தது வேறொன்று. முதலில் ஒரே ஒரு கட்டளைதான் எழுதியிருந்தேன்: ஓடினால் நிறுத்து, நின்றிருந்தால் ஓட்டு. ஒரு நாள் இரவு கட்டளை போய்ச் சேர்ந்தது, பதில் வழியில் தொலைந்தது. தொட்டி முனை அதையே மறுபடி அனுப்ப, நின்ற மோட்டார் மீண்டும் ஓடியது. விடியற்காலையில் தோப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் கூப்பிட்டு, "தம்பி, தொட்டி வழிந்து பாத்தியெல்லாம் கரைந்துவிட்டது" என்றார். அன்றே மாற்றினேன். "ஓடு", "நில்" என இரண்டு தனிக் கட்டளைகள், ஒவ்வொன்றுக்கும் வரிசை எண். தொட்டி நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தைச் சொல்லும். ஐந்து நிமிடம் குரல் வராவிட்டால் கிணறு தானாகவே மோட்டாரை நிறுத்திவிடும். இதைச் செய்யாமல் யாரும் ரேடியோவை நம்பி மோட்டாரை விடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் காந்தச் சுவிட்ச்) விழும் நொடியில் மோடம் அணைந்து எழுவதும் நடந்தது. அதன் சுருளின் குறுக்கே மின் துள்ளலை அடக்கும் ஸ்னப்பரும், மோடத்தின் மின்வழியில் பெரிய கெப்பாசிட்டரும் போட்டதும் நின்றது.

இரண்டாம் ஆண்டு சிக்னல் மெல்லத் தேய்ந்தது. ஆன்டெனா இணைப்பைக் கழற்றினால் நடு ஊசியில் பச்சைக் களிம்பு. புதிய இணைப்பைப் போட்டு ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினேன். இப்போது ஒவ்வொரு வைகாசியிலும் ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிடுகிறேன். மோடத்தை அணைத்த பிறகே கழற்றுவேன். ஆன்டெனா இல்லாமல் அனுப்பினால் சில்லு கருகக்கூடும்.