பென்னி தேட வங்கிப் பெட்டியா, பழைய காசு மூட்டையா?

அமெரிக்காவில் பென்னிகளை, அதாவது ஒரு சென்ட் காசுகளை, கிளறி அரிய வகைகளைத் தேட நினைப்பவருக்கு முக்கியமாக இரண்டு வழிகள். வங்கியில் 25 டாலர் கட்டி ஒரு பெட்டி வாங்கலாம்: காகிதத்தில் சுற்றிய 50 ரோல், ரோலுக்கு 50 பென்னி, மொத்தம் 2,500. இல்லையென்றால் 1909 முதல் 1958 வரை அடித்த, பின்பக்கத்தில் கோதுமைக் கதிர் உள்ள பென்னிகளை நாணய வியாபாரியிடம் மூட்டையாக வாங்கலாம். இரண்டையும் செய்து பார்த்த பிறகு நான் பெட்டியோடு நின்றுவிட்டேன்.

பழைய காசு மட்டும்தான் வேண்டும் என்பவருக்கு மூட்டை சுலபம். பெட்டியில் கோதுமைக் கதிர் எப்போதாவதுதான் கண்ணில் படும். இதில் வாதிட ஒன்றுமில்லை.

என் முடிவுக்குக் காரணம் வேறு. தேடி முடித்த பிறகு மிஞ்சுவதை என்ன செய்வது? பெட்டியில் வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை வங்கியிலேயே கட்டிவிடலாம். ஒரு சென்ட் அங்கே என்றைக்கும் ஒரு சென்ட்தான். ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் போட்ட பணம் திரும்பிவிடும். மூட்டையில் ஒவ்வொரு காசுக்கும் முகமதிப்பைப் போலப் பல மடங்கு கொடுத்திருப்போம். திருப்பி விற்கப் போனால் வியாபாரி தன் லாபத்தைக் கழித்துத்தான் விலை சொல்வார். அவர் பிழைப்பு அது. 1940, 50களில் கோடிக்கணக்கில் அடித்த சாதாரணக் காசுகள் டப்பா டப்பாவாக வீட்டில் தேங்கிவிடும். அடுத்த மூட்டைக்கான பணம் அந்த டப்பாக்களில் முடங்கிக் கிடக்கும்.

'யாரும் தேடாதது' என்று சொல்லி விற்பதையும் நான் நம்புவதில்லை. 4,84,000 மட்டுமே அடித்த 1909-எஸ் வி.டி.பி. காசு (எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ நாணயச் சாலை, வி.டி.பி. வடிவமைத்த விக்டர் டி. பிரென்னரின் முதலெழுத்துகள்) உள்ளே இருக்கிறதா என்று பார்க்காமலா ஒரு வியாபாரி மூட்டை கட்டுவார்? 1914-டி (டி என்றால் டென்வர் நாணயச் சாலை) கிடைத்தால் இன்னும் கவனம் வேண்டும். 1944-டி காசில் முதல் 4-ஐச் சுரண்டி 1914 ஆக்கிய போலிகள் உண்டு. லிங்கனின் தோளுக்குக் கீழே வி.டி.பி. என்ற பொடி எழுத்து இருந்தால் போலி. அந்த எழுத்துகள் தோளுக்கு வந்ததே 1918-ல்தான்.

பெட்டியில் தேட வேண்டியவை வேறு. 1995-ன் இரட்டை அச்சில் (அச்சிலேயே உருவம் இரண்டு முறை பதிந்த பிழை) 'லிபர்ட்டி' என்ற சொல் தடித்து இரட்டித்திருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். 1984-ல் லிங்கனின் காதுமடலுக்குக் கீழே இன்னொரு மடல். 1998, 1999, 2000 காசுகளில் பின்பக்கத்து 'அமெரிக்கா'வில் ஏ, எம் எழுத்துகளின் அடிக்கால்கள் ஒட்டாமல் விலகியிருந்தால் தனியே எடுத்து வையுங்கள். லூப்பில் (சிறிய உருப்பெருக்கியில்) இரட்டைக் கோடு தெரிந்ததுமே துள்ள வேண்டாம். எழுத்து ஓரம் தட்டையாக, படிக்கட்டு போல் நசுங்கியிருந்தால் அது அடிக்கும்போது அச்சு அசைந்ததால் வந்தது. கூடுதல் விலை கிடையாது. உண்மையான இரட்டை அச்சில் இரண்டாவது உருவமும் உருண்டு எழும்பி நிற்கும், எழுத்து முனைகள் பிளந்திருக்கும்.

1982-ல் செம்பிலிருந்து செம்பு பூசிய துத்தநாகத்துக்கு மாறியதால் அந்த ஆண்டுக் காசுகள் இரு வகை. பிரித்தறியச் சின்னத் தராசு போதும். செம்பு 3.11 கிராம், துத்தநாகம் 2.5 கிராம். ஆண்டு எண்கள் சிறிதாக உள்ள டென்வர் காசு 3.1 காட்டினால் அது அபூர்வத்திலும் அபூர்வம்.

தரம்தான் முக்கியம் என்றால் இந்த இரண்டுமே சரிவராது. பிரிக்காத புது ரோல்கள்தான் வழி. அவற்றை நான் அதிகம் பிரித்ததில்லை, அதனால் அடித்துச் சொல்லமாட்டேன். என் கண்ணில் பட்டவரை, 1982-க்குப் பிந்தைய துத்தநாகக் காசுகளில் மேல்பூச்சு கொப்பளித்தும் கரும்புள்ளி விழுந்தும் பல கெட்டுப்போகின்றன. செந்நிறம் குலையாத காசை ஓரத்தில் மட்டும் பிடித்து, பி.வி.சி. கலக்காத உறையில் போடுங்கள். கழுவவே கூடாது.

ஒரு விஷயம் மட்டும் என் கணக்கை மாற்றக்கூடும். புழக்கத்துக்கான பென்னி அடிப்பதை 2025 நவம்பர் 12 அன்று ஃபிலடெல்ஃபியாவில் நிறுத்திவிட்டார்கள். முழுப் பெட்டி எல்லாக் கிளையிலும் இனி கிடைக்கும் என்று சொல்ல முடியாது. போவதற்கு முன் போன் செய்து கேட்டுவிடுங்கள். மீதியைக் கட்டும் வங்கி, வாங்கும் வங்கியாக இருக்க வேண்டாம். இல்லாவிட்டால் தேடிக் கழித்த ரோலே திரும்ப நம் கைக்கு வந்துசேரும்.