ரீமாஸ்டர் வாங்கப் போய் உள்ளதும் போச்சு

உங்கள் கணக்கில் பழைய கேம் ஒன்று இருக்கிறது, அதன் ரீமாஸ்டர் (பழையதை இன்றைய திரைகளுக்கு மெருகேற்றி விற்கும் புதிய பதிப்பு) வரப்போவதாக அறிவிப்பும் வந்திருக்கிறது என்றால், ப்ரீ-ஆர்டர் பட்டனை அழுத்துவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். புதிய பதிப்பு மட்டமாக இருந்தது என்று அழுவதற்காக இதை எழுதவில்லை. மட்டமான கேம்கள் வரும், போகும். என்னிடம் ஏற்கெனவே இருந்த, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய கேமையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். பதிவு அதற்காகத்தான்.

கேமின் பெயரும் கம்பெனியின் பெயரும் வேண்டாம். மழை ஓயாத ஒரு துறைமுக நகரத்தில் காவலர் கண்ணில் படாமல் ஒளிந்து ஒளிந்து நகரும் ஆட்டம். வந்த காலத்தில் ஓரளவு பேசப்பட்டது, பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. டிஸ்க்கில் ஆடியதைப் பின்னாளில் டிஜிட்டலாகவும் காசு கொடுத்து வாங்கி, அவ்வப்போது திறந்து ஆடுவேன். பழைய கேம்தான், அகலத்திரையில் ஓட ரசிகர்கள் செய்த பேட்ச் (திருத்தக் கோப்பு) ஒன்று வேண்டும். மற்றபடி ஒரு குறையும் இல்லை.

ரீமாஸ்டர் அறிவிப்பு வந்தபோது டிரெய்லரில் திரையை நடுவில் பிளந்து பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார்கள். பழைய பக்கம் நான் ஆடியதைவிட மங்கலாக இருந்தது. இந்த வித்தையைக் கவனியுங்கள், நிறைய டிரெய்லர்களில் இருக்கிறது. பழைய கேமை அதன் மிகக் குறைந்த செட்டிங்கில், அதுவும் நீட்டி இழுத்துக் காட்டினால் புதியது எதுவானாலும் பளிச்சென்றுதான் தெரியும். விற்பனைப் பக்கத்தில் 4கே துல்லியம், நொடிக்கு 60 பிரேம் (அதாவது 60 படங்கள்), மெருகேற்றிய ஒலி என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். பழைய பதிப்பு என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை. ப்ரீ-ஆர்டர் செய்தேன்.

வெளியான அன்று என் லைப்ரரியில் புதிதாக ஒன்று சேரும் என்று பார்த்தால், பழைய கேமுக்கு ஒரு பெரிய அப்டேட் இறங்கிக்கொண்டிருந்தது. அது முடிந்தபோது பழைய ஐகான் இருந்த இடத்தில் புதிய ஐகான். பழைய பதிப்பைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வழி எதுவும் தரவில்லை. நான் போட்டிருந்த ரசிகர் பேட்ச் அழிந்துவிட்டது. பழைய சேவ்களை (விட்ட இடத்தைச் சேமித்த கோப்புகளை) புதியது படிக்கவில்லை. கடையில் தேடினால் பழைய பதிப்பின் பக்கமே இல்லை.

சரி, புதியதையாவது ஆடுவோம் என்று உட்கார்ந்தேன். முதலில் கேமைத் திறப்பதற்கென்றே கம்பெனியின் சொந்த மென்பொருளான லாஞ்சர், அதற்கொரு கணக்கு, அதற்கொரு மின்னஞ்சல் உறுதிப்படுத்தல். ஒற்றை ஆள் ஆடும் கேமுக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்கக் கூடாது போல. அப்புறம் ஷேடர் (ஒளி, நிழலை வரையும் சிறு நிரல்கள்) தயாராகிறது என்று ஒரு பட்டை ஊர்ந்தது. இந்த நேரத்தையெல்லாம் கடை 'விளையாடிய நேரம்' என்று கணக்கில் ஏற்றிக்கொண்டிருந்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

உள்ளே போனால் துறைமுகத்தின் பெயர்ப் பலகைகள் எல்லாம் எந்த மொழியிலும் சேராத கிறுக்கல்களாக இருந்தன. பழைய கேமின் டெக்ஸ்சர்கள், அதாவது சுவர், பலகை மேல் ஒட்டும் ஓவியங்கள், சின்னச் சின்னப் படங்கள். அவற்றை வரைந்த மூலக் கோப்புகள் பல கம்பெனிகளிடம் இப்போது இல்லை. அதனால் சின்னப் படத்தை ஏஐ மென்பொருளிடம் கொடுத்துப் பெரிதாக்குகிறார்கள். அதற்கு எழுத்து என்றால் என்னவென்று தெரியாது. கோடுகளைக் கூர்மையாக்கிவிட்டுப் போய்விடும். அதன்பின் ஓர் ஓவியர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த வேண்டும். திருத்தத்தான் காசு ஆகும், அதைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

இதற்கு ஊரறிந்த உதாரணம் 2021 நவம்பரில் வந்த ஜிடிஏ ட்ரிலஜி டெஃபினிட்டிவ் எடிஷன், ராக்ஸ்டார் கம்பெனியின் மூன்று பழைய ஜிடிஏ கேம்களின் ரீமாஸ்டர். எழுத்துப்பிழையோடு கடைப் பலகைகள், கண்ணை மறைக்கும் வெள்ளைக் கோடுகளாக மழை. டஃப் நட் டோனட்ஸ் என்ற கடையின் மேலே இருக்கும் அறுகோண நட்டு முனை மழுங்கி வட்டமாகிவிட்டது. நட்டு என்பதுதான் அந்தக் கடைப் பெயரில் உள்ள நகைச்சுவையே. அதைச் செய்தவர்களுக்கு அது தெரியவில்லை, அல்லது நின்று பார்க்க நேரம் கொடுக்கப்படவில்லை.

என் கேமில் மூடுபனியும் போய்விட்டது. பழைய கன்சோல்களால் தூரத்தில் இருப்பதை எல்லாம் வரைய முடியாது, அதனால் பனியைப் போட்டு மறைத்தார்கள். ஆனால் அந்தப் பனிதான் ஊரைப் பெரிதாகக் காட்டியது, பயத்தையும் தந்தது. அதை எடுத்துவிட்டால் இந்த முனையில் நின்று அந்த முனையைப் பார்த்துவிடலாம். அந்த ஜிடிஏ மூன்றில் ஒன்றான சான் ஆண்ட்ரியாஸுக்கும் இதே கதிதான். ஒரு மாநிலம் முழுக்கப் பயணம் செய்வதாக நம்பவைத்த வரைபடம், ஒரு மலை மேல் ஏறி நின்றால் பொம்மை ஊராகத் தெரிந்தது. பனியும் பழைய ஒளியமைப்பும் பிசியிலும் கன்சோலிலும் அந்தக் கேம்களுக்குத் திரும்பி வர 2024 நவம்பர் வரை, அதாவது 3 ஆண்டுகள் ஆயின. சைலண்ட் ஹில் எச்டி கலெக்ஷன் 2012-இல் வந்தபோதும் பனி குறித்த புகார்தான் முதலில் எழுந்தது. அங்கே காரணம் வேறு: வெளியீட்டாளரான கொனாமியிடம், வெளியான கேமின் இறுதி சோர்ஸ் கோடு (மூல நிரல்) இல்லை. முடிக்கப்படாத ஒரு பிரதியைத்தான் ரீமாஸ்டர் செய்தவர்களிடம் கொடுத்தார்கள். அசலில் எப்போதோ சரிசெய்த பிழைகளை அவர்கள் மறுபடி முதலிலிருந்து சரிசெய்ய வேண்டியிருந்தது.

என்னை உண்மையிலேயே கோபப்படுத்தியது ஒரு தாவல். தண்ணீர்க் குழாய் மேலிருந்து பக்கத்துக் கூரைக்குத் தாவ வேண்டிய இடம். பழையதில் கண்ணை மூடிக்கொண்டு தாவுவேன். புதியதில் ஒவ்வொரு முறையும் கூரைக்கு ஒரு கை தூரம் முன்பே கீழே விழுந்தேன். செட்டிங்கில் 60 பிரேமை 30 ஆக்கினேன், உடனே தாவ முடிந்தது. அந்தக் காலத்துக் கேம்கள் பலவற்றில் வேகம், விழுதல், கதவு மூடும் நேரம் எல்லாம் நொடியை வைத்துக் கணக்கிடப்படவில்லை, பிரேமை வைத்துக் கணக்கிடப்பட்டன. பிரேமை இரட்டிப்பாக்கிவிட்டு அந்தக் கணக்குகளைத் தேடித் திருத்தாமல் விட்டால் இப்படித்தான் ஆகும். அவ்வளவு பழையதாகக்கூட இருக்க வேண்டாம்: 2014-இல் பிசிக்கு வந்த டார்க் சோல்ஸ் 2-இல் 60 பிரேமில் ஆடியவர்களின் ஆயுதங்கள் 30 பிரேமில் ஆடியவர்களுடையதைவிட இரு மடங்கு வேகமாகத் தேய்ந்தன. அடுத்த ஆண்டுதான் சரியானது. விற்பனைப் பக்கத்தில் 60 பிரேம் என்று பெரிதாகப் போட்டவர்கள், அந்த 60-இல் கேமை ஒருமுறையாவது முடித்துப் பார்த்தார்களா என்பது சந்தேகம்.

இசை பற்றி ஒரு வரி போதும். மதுக்கடைக் காட்சியில் ஒலிக்கும் பாட்டு இல்லை. பாடல் உரிமைகளைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான் வாங்குவார்கள், முடிந்தால் எடுக்க வேண்டும். 2018-இல் ஜிடிஏ 4-இலிருந்து ஏராளமான பாடல்கள் இப்படித்தான் போயின. எடுப்பது அவர்கள் கட்டாயம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். விற்கும்போது சொல்லாததை ஒத்துக்கொள்ள முடியாது.

காசைத் திருப்பிக் கேட்டேன். ஸ்டீம் என்ற டிஜிட்டல் கேம் கடையில் ஒரு விதி உண்டு என்பது பலருக்குத் தெரியும்: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ரீஃபண்ட். நான் வாங்கிய கடையிலும் நேரக் கணக்கு வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். லாஞ்சர், ஷேடர், இரண்டு முறை தொங்கி நின்றது, அந்தத் தாவல் எல்லாம் சேர்ந்து என் நேரம் எல்லையைத் தாண்டியிருந்தது. மறுத்துவிட்டார்கள். கேம் கம்பெனிக்கு எழுதினால் "கடையை அணுகவும்", கடைக்கு எழுதினால் "வெளியீட்டாளரை அணுகவும்". ரீஃபண்டைக்கூட விடுங்கள், என் பழைய பதிப்பைத் திருப்பித் தாருங்கள் என்று தனியாகக் கேட்டேன். "உங்கள் கருத்தைக் குழுவிடம் பகிர்ந்துவிட்டோம், இந்த உன்னதப் படைப்பை மிகச் சிறந்த வடிவில் அனுபவியுங்கள்" என்று பதில். எழுதியது மனிதரா என்றுகூடத் தெரியவில்லை.

இதை விதிவிலக்கு என்று நினைக்காதீர்கள். ஜிடிஏ ட்ரிலஜி வரும் முன்பே பழைய மூன்றையும் டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுத்தார்கள்; எதிர்ப்பு வலுத்த பிறகு ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டு, பிசியில் பழையதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2020 ஜனவரியில் வார்கிராஃப்ட் 3 கேமின் ரீமாஸ்டரான ரீஃபோர்ஜ்ட் வந்தபோது, அதை வாங்காமல் பழையதையே வைத்திருந்தவர்களும் புதிய மென்பொருளைத்தான் இறக்க வேண்டியிருந்தது. பழையதில் இருந்த தரவரிசைப் போட்டி, கிளான் (ஆடுபவர்கள் சேரும் குழு) போன்றவை அதில் காணோம். அதைச் செய்த பிளிசார்ட் கடைசியில் கேட்டவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பித் தந்தது. 2022-இல் பிளேட் ரன்னர் கேமின் புதுப்பித்த பதிப்பு வந்ததும் ஜிஓஜி கடையில் அசலைத் தனியாக வாங்க முடியாமல் போனது. கத்திய பிறகு திரும்பி வந்தது. மூன்றிலும் பார்த்தீர்களா, சத்தம் போட்டால்தான் பழையதோ பணமோ திரும்புகிறது. என் கேமுக்குச் சத்தம் போட அவ்வளவு ஆள் இல்லை.

பழைய பதிப்பு கடையில் இருந்தால் புதியதன் குறை பளிச்சென்று தெரியும், விலையும் ஒப்பிடப்படும். அதனால்தான் எடுக்கிறார்கள் என்பது என் கணிப்பு. "இரண்டு பதிப்புக்கும் சப்போர்ட் கொடுப்பது கடினம்" என்ற விளக்கத்தை நான் நம்பவில்லை. பழையதற்கு யார் சப்போர்ட் கேட்டது?

நம்பாததற்குக் காரணம், பழையதை விட்டுவைத்து நேர்மையாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்டார்கிராஃப்ட் ரீமாஸ்டர் 2017-இல் வருவதற்குச் சில மாதங்கள் முன்பே அசலை இலவசமாக்கினார்கள். ரீஃபோர்ஜ்டைச் செய்த அதே பிளிசார்ட்தான், அதனால் கம்பெனி பெயரை நம்பி முடிவெடுக்காதீர்கள். 2020-இன் கமாண்ட் அண்ட் கான்கர் ரீமாஸ்டரில் ஆட்டத்தின் நடுவிலேயே ஒரு பட்டனைத் தட்டினால் பழைய படங்கள் வரும். அதை உருவாக்கிய குழுவில் அசலைச் செய்தவர்களே சிலர் இருந்தார்கள். 2021-இல் வந்த டயப்லோ 2 ரிசரக்டட்டிலும் பழைய தோற்றத்துக்கு மாறலாம், அடியில் ஓடுவது பழைய ஆட்டத்தின் கணக்குதான். அதே ஆண்டு குவேக் ரீமாஸ்டரை ஸ்டீமில் பழையது வைத்திருந்தவர்களுக்குச் சும்மாவே கொடுத்தார்கள், பழைய பதிப்பையும் எடுக்கவில்லை. பழையதைப் பக்கத்திலேயே வைத்துக் காட்டும் தைரியம் இருக்கிறதா என்பதை இப்போது நான் முதலில் பார்க்கிறேன். பட்டனைத் தட்டி மாற்ற முடியும் என்றால் பாதி பயம் தீர்ந்தது.

இன்னொன்று, செய்தது யார் என்று பாருங்கள். அட்டையில் வெளியீட்டாளர் பெயர்தான் இருக்கும். வேலையைச் செய்த ஸ்டுடியோ வேறாக இருக்கும், அதற்கு முன் அவர்கள் செய்தது மொபைல் போர்ட் (இருக்கும் கேமை போனில் ஓடவைக்கும் வேலை) மட்டும்தானா என்று தேடினால் கிடைத்துவிடும். வெளியாகும் நாள்வரை யாருக்கும் விமர்சனப் பிரதி கொடுக்கவில்லை என்றால் ப்ரீ-ஆர்டரை அன்றே ரத்து செய்யுங்கள். ஸ்டீமில் வெளியாகும் முன் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். வாங்கிவிட்டால், ஷேடர் பட்டை ஓடும்போது எழுந்து போய்விடாதீர்கள். கடிகாரம் அங்கேயே ஓடத் தொடங்கிவிடும். முதல் ஒரு மணி நேரத்திலேயே உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, கை பழகிய ஓர் இடத்தை ஆடிப் பாருங்கள். குறை இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

டிஜிட்டலில் நாம் வாங்குவது கேமை அல்ல, ஆடும் உரிமத்தை மட்டும்தான் என்பது எப்போதும் ஒப்பந்தத்தின் ஆழத்தில் எங்கோ இருந்தது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் அதை வாங்குபவர் கண்ணில் படும்படி சொல்ல வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. எடுத்துவிட்டார்களே என்று நான் சண்டை போட்டபோது அவர்கள் காட்டியதும் அந்த வரியைத்தான்.

இப்போது அவசரமான விஷயம். ரீமாஸ்டர் அறிவிக்கப்பட்ட கேம் எதுவும் உங்கள் கணினியில் இன்னும் பழைய வடிவில் இருந்தால், வெளியீட்டு நாளுக்கு முன் அந்த ஃபோல்டரை அப்படியே வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். ஜிஓஜியில் வாங்கியது என்றால் ஆஃப்லைன் இன்ஸ்டாலரை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வேலை சுலபம். ஸ்டீம் என்றால் அந்தக் கேமின் அப்டேட் செட்டிங்கை, திறக்கும்போது மட்டும் அப்டேட் ஆகும்படி மாற்றுங்கள்; அப்படி மாற்றினாலும் திறந்தால் இறங்கிவிடும், அதனால் நகல் எடுக்கும்வரை திறக்காதீர்கள். எல்லாக் கேமும் நகலிலிருந்து ஓடிவிடாது, சிலவற்றில் நகலைத் தடுக்கும் பூட்டு விடாது, ஆனால் பழைய கேம்களில் நிறைய ஓடும். சேவ்கள் பெரும்பாலும் கேம் ஃபோல்டரில் இருக்காது. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரிலோ ஆப்டேட்டா (AppData) ஃபோல்டரிலோ இருக்கும், அதையும் மறக்காமல் சேர்த்து எடுங்கள்.