பித்தளை வால்வும் எங்கள் கிணறும்: திரவப் பசளை எடுக்கிறவர்கள் கவனம்

மட்டக்களப்பு, களுதாவளைப் பக்கம் மிளகாயும் வெற்றிலையும் செய்கிற நாங்கள் நாலு பேர் சேர்ந்து, சொட்டுநீர்க் குழாயில் விடுவதற்குத் திரவப் பசளை மொத்தமாக எடுத்தோம். பசளையும் 1000 லீற்றர் தாங்கியும் ஒரே கடையில். கடையின் பேர் வேண்டாம், விற்ற விதத்தை மட்டும் சொல்கிறேன்.

"இது தண்ணித் தாங்கியெல்லோ அண்ணன்?" என்று கேட்டேன்.

"தண்ணிய விட இது என்ன பாரமா தம்பி? ஒண்டும் செய்யாது, கொண்டு போங்க."

பாரம்தான். பிறகு அளவுக் குவளையில் ஒரு லீற்றர் எடுத்து நிறுத்துப் பார்த்தேன்: 1,270 கிராம். தாங்கி நிறைந்தால் தண்ணீரை விட 270 கிலோ கூட. நாலு ஆள் மேலே ஏறிக் குந்தியிருக்கிற மாதிரி. மணலில் கல் அடுக்கி வைத்த தாங்கி ஒரு பக்கம் தாழ்ந்து, வயிறும் தள்ளத் தொடங்கியது.

அடியில் அவர் பூட்டித் தந்தது பித்தளை வால்வு. இரண்டு கிழமையில் அதைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாகக் களிம்பு. துணியால் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன், அது என் பிழை. அமோனியா உள்ள திரவம் செம்பைத் தின்னும். பித்தளையில் பெரும்பங்கு செம்புதான். ஒரு நாள் காலை கைப்பிடியைத் திருப்பினேன், வால்வு கழுத்தோடு கையில் வந்துவிட்டது. ஓட்டையைச் சாக்கால் அடைத்துப் பார்த்தோம். 700 லீற்றர் மட்டில் போயிற்று.

"சுத்திவர ஒரு கான் வெட்டி விடுங்க, ஊத்துப்பட்டாலும் அதுக்குள்ள நிக்கும்" என்பதும் அவர் சொன்ன யோசனைதான். எங்கள் மணலில் வெட்டின கானில் எது நிற்கும்? அன்றிரவே மழை. கிணறு 25 அடி தள்ளி. ஓரத்து வெற்றிலைக் கொடிகள் நுனி கருகின, அது போகட்டும். தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தோம்; பசளையிலிருந்து இறங்கிக் கைக்குழந்தைகளுக்கு ஆபத்தாகிற நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்கிற லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. தங்கச்சியின் நாலு மாதக் குழந்தைக்குப் பால்மா கரைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். கொதிக்க வைத்தால் சரி என்று நினைக்காதீர்கள், தண்ணீர் வற்ற வற்ற நைத்திரேற்றின் செறிவு கூடும்.

கடைக்குப் போனால், "நீங்க இறுக்கித் திருப்பியிருப்பீங்க" என்றார். கையில் இருந்த பற்றுச்சீட்டுத் துண்டில் 'தாங்கி 1, பசளை' என்று மட்டும்தான். பசளையின் பேர் இல்லை, செறிவு இல்லை. நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லியிருக்கிறோம், ஆனால் அந்தத் துண்டை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது?

எடுக்கப் போகிறவர்கள், தாங்கி எத்தனை அடர்த்தி தாங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். வால்வு பிளாஸ்ரிக்கிலோ துருப்பிடிக்காத உருக்கிலோ இருக்கட்டும். கீழே கொங்கிறீற் தளம், சுற்றிச் சீமெந்துத் தொட்டி. இருக்கிற தாங்கிகளில் ஆகப் பெரியதின் கொள்ளளவில் 110 வீதம் அதற்குள் அடங்கவேணும். மேலே கூரையும் போடுங்கள், இல்லாவிட்டால் கார்த்திகை மழையே தொட்டியை நிரப்பிவிடும். கிணற்றுப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

கிணற்றை இரண்டு தரம் இறைத்தாயிற்று. தை பிறந்த பிறகு மறுபடி பரிசோதிக்க வேணும். அதுவரை அக்கா வீட்டிலிருந்து கலனில் தண்ணீர் வருகிறது.