சென்சார் கிளீனிங்குக்குக் கேமரா கொடுக்கப் போகிறீர்களா? முதலில் ஒரு டெஸ்ட் ஷாட் எடுங்கள்

சென்சாரில் (லென்ஸுக்குப் பின்னால் படத்தைப் பதியும் சில்லு) இருந்த நாலைந்து கரும்புள்ளிகளை நீக்கச் சொல்லி ஒரு கடையில் கொடுத்த ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) டிஎஸ்எல்ஆர் கேமரா, ஓரமெல்லாம் எண்ணெய்க் கோடும் நடுவில் ஒரு கீறலுமாகத் திரும்பி வந்தது. கடையில் கேட்டால், "கொண்டு வரும்போதே அப்படித்தான் சார் இருந்துச்சு" என்கிறார்கள். கொடுப்பதற்கு முன் எடுத்த டெஸ்ட் ஷாட்டைக் காட்டிய பிறகுதான் பேச்சு மாறியது. கடைப் பெயர் இங்கே வேண்டாம். அங்கே என்ன தப்பு நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள், அது எந்தக் கடைக்கும் பொருந்தும்.

டெஸ்ட் ஷாட்டைக் கவுன்டரிலேயே எடுக்கலாம். அப்பர்ச்சர் பிரையாரிட்டி (லென்ஸ் துளையின் அளவை நாமே வைக்கும் மோடு), எஃப்/22, ஐஎஸ்ஓ 100, மேனுவல் ஃபோகஸ். வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஃபோகஸ் இல்லாமல், கேமராவை லேசாக அசைத்தபடி எடுங்கள். சுவரில் உள்ள கறை அசைவில் கரைந்துவிடும், சென்சாரில் உள்ளது மட்டும் அதே இடத்தில் நிற்கும். விளிம்பு மங்கலான கரும்புள்ளி என்றால் தூசி. புள்ளியின் நடுப்பகுதி மட்டும் வெளுத்திருந்தால் பெரும்பாலும் எண்ணெய்த் துளி. எத்தனை முறை துடைத்தாலும் இடம் மாறாமல், வடிவம் மாறாமல் நிற்கும் கோடு கீறல். படத்தில் மேல் இடது மூலையில் தெரிவது, மவுன்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) பக்கமிருந்து பார்க்கும்போது சென்சாரின் கீழ் இடது மூலையில் இருக்கும்.

வியூஃபைண்டரில் தெரியும் தூசியைக் காட்டி, "சென்சார் அழுக்கு, கிளீன் பண்ணணும்" என்று சொன்னால் நம்பாதீர்கள். டிஎஸ்எல்ஆரில் அது வியூஃபைண்டருக்கான பிம்பம் விழும் ஃபோகஸிங் ஸ்கிரீனிலோ அதற்கு மேலேயோ இருக்கும் தூசி, படத்தில் விழவே விழாது. அந்த ஸ்கிரீன் பிளாஸ்டிக், தொட்டாலே கீறும். லென்ஸுக்குப் பின்னால் உள்ள மிரரின் பூச்சும் கண்ணாடியின் முன்பக்கத்திலேயே இருப்பதால் துணியும் திரவமும் அதன் பக்கம் போகக் கூடாது. இரண்டுக்கும் ரப்பர் புளோயர் காற்று போதும்.

சென்சார் கிளீனிங்கில் துடைக்கப்படுவது சென்சார் சில்லு அல்ல, அதன் மேலிருக்கும் ஃபில்டர் கண்ணாடி. அதன் பூச்சு மிக மெல்லியது. முதல் வேலை காற்று: கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, புளோயர் முனை உள்ளே நுழையாமல் அடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் நேரே ஸ்வாப் (துணி சுற்றிய தட்டையான துடைப்புக் குச்சி) போட்டால், ஒட்டியிருக்கும் மணல் துகளைக் கண்ணாடி மேல் தேய்த்து இழுத்த மாதிரி ஆகும். நடுவில் விழுந்த கீறல் இப்படி வந்ததுதான். ஸ்ப்ரே டின் காற்று வேண்டாம், அதிலுள்ள வாயு திரவமாகவே தெறித்துக் கறை விடும். கம்பிரஸர் காற்றில் ஈரமும் எண்ணெயும் வரும், அதன் வேகத்துக்கு சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஷட்டர் பிளேடு வளைந்தே போகலாம். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

காற்றுக்குப் போகாததற்குத்தான் ஈர ஸ்வாப். ஃபுல் ஃபிரேமுக்கு 24 மி.மீ., அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 16 மி.மீ. அகலம். சென்சாருக்கென்றே விற்கும் திரவத்தில் இரண்டு சொட்டு, அதற்கு மேல் விட்டால் விளிம்பு வழியாக ஃபில்டருக்கு அடியில் இறங்கும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே இழுப்பு, ஸ்வாபைத் திருப்பி மறுபக்கத்தால் ஒரு இழுப்பு, அத்தோடு அந்த ஸ்வாப் குப்பைக்கு. ஒரே ஸ்வாபை அடுத்த கேமராவுக்கும் வைத்துக்கொள்ளும் கடையில் கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், காய்ந்ததும் கோடு விழும். அமோனியா உள்ள கண்ணாடி கிளீனர் பூச்சையே கெடுக்கும்.

எண்ணெய்க் கோடு எங்கிருந்து வந்தது? ஸ்வாப் மிரர் பாக்ஸ் சுவரிலோ மவுன்ட் ஓரத்திலோ பட்டு, அங்கிருக்கும் கிரீஸைச் சென்சாருக்கு எடுத்து வந்திருக்கிறது. ஓரங்களில் மட்டும் கோடு இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். எல்லா எண்ணெய்க்கும் கடைக்காரர் காரணம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2012-இல் வந்த நிகான் டி600 கேமராவில் சென்சாரில் புள்ளிகள் விழுந்துகொண்டே இருந்தன, 2014-இல் நிகானே ஷட்டரை இலவசமாக மாற்றிக் கொடுத்தது.

பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். டிஎஸ்எல்ஆரில் மெனுவில் உள்ள கிளீனிங் மோடில்தான் மிரர் மேலேறி ஷட்டர் திறந்து நிற்கும். நடுவில் சார்ஜ் தீர்ந்தால் இரண்டும் ஸ்வாப் மேலேயே இறங்கும். 'பல்ப்' மோடு (பொத்தானை அமுக்கியிருக்கும் வரை மட்டும் ஷட்டர் திறந்திருக்கும்) வைத்துப் பொத்தானை அமுக்கிக்கொண்டே துடைக்கிறவரிடம் கேமராவைக் கொடுக்கவே கூடாது. பாடிக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி) உள்ள மாடல்களில் சென்சார் மிதக்கும் தாங்கியில் நிற்கிறது. அழுத்தித் தேய்த்தால் அந்தத் தாங்கியே பழுதாகும்.

கேமராவைக் கொடுக்கும்போது ஜாப் ஷீட்டில் (கடை தரும் வேலைச் சீட்டு) பாடியின் சீரியல் எண்ணையும், 'சென்சாரில் கீறல் இல்லை' என்ற வரியையும் எழுதி வாங்குங்கள். கேமராவைத் திரும்ப வாங்கும்போது பணம் கொடுப்பதற்கு முன் அதே எஃப்/22 டெஸ்ட் ஷாட், கூடவே 1/4000 நொடியில் ஒன்று. அந்தப் படத்தில் ஒரு பக்கம் மட்டும் கறுப்புப் பட்டை விழுந்தால் ஷட்டரில் கோளாறு.

கெட்டுப்போய்த் திரும்பி வந்துவிட்டால், "இன்னொரு தடவை துடைச்சுப் பார்க்கிறேன்" என்பதற்குச் சம்மதிக்காதீர்கள். கேமரா கம்பெனி அங்கீகரித்த சர்வீஸ் சென்டரில் காட்டி, பழுது விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். அதையும் பில், ஜாப் ஷீட், முன்னும் பின்னும் எடுத்த படங்களின் ஒரிஜினல் ஃபைல்களையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம்.